தீர்ப்புக்கு முன்பே தண்டனை பெறும் குடும்பங்கள்

புது தில்லி: கன்னடத் திரையுலகின் முன்னணி நடிகர் தர்ஷனுக்கு வழங்கப்பட்டிருந்த ஜாமீனை 2025 ஆகஸ்ட் 14-ம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, தில்லியில் அது ஜாமீன் பற்றிய ஒரு சட்டப் பிரச்னையாகவே பேசப்பட்டது. கர்நாடகத்திலோ அது உணர்ச்சிப் பிரச்னையாக இருந்தது. ஒரு தரப்பு பட்டாசு வெடிக்கும் மனநிலையிலும், மறு தரப்பு தங்கள் வீட்டில் இழவு விழுந்தது போன்ற மனநிலையிலும் இருந்தன. நடிகர் குற்றவாளியா, நிரபராதியா என்பதைப் பெங்களூர் நீதிமன்றம் முடிவு செய்யும். ஆனால் அந்த முடிவுக்காகக் காத்திருக்கும் காலத்திலேயே, வழக்கின் இரு பக்கங்களிலும் உள்ள பல குடும்பங்கள் தண்டனையை அனுபவிக்கத் தொடங்கிவிட்டன. பிரபலங்களின் வழக்குகளில் பொதுமக்கள் காட்டும் ஆர்வத்துக்கு அப்பால் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

சித்ரதுர்காவைச் சேர்ந்த மருந்துக் கடை ஊழியர் ரேணுகாசுவாமி, நடிகரின் தோழி பவித்ரா கௌடாவுக்கு இன்ஸ்டாகிராமில் ஆபாசச் செய்திகள் அனுப்பினார் என்றும், அதற்காக அவர் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரு கொட்டகையில் அடித்துக் கொல்லப்பட்டார் என்றும் அரசுத் தரப்பு குற்றம் சாட்டுகிறது. அவரது சடலம் 2024 ஜூன் 9-ம் தேதி ஒரு கால்வாயின் அருகே கண்டெடுக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து மைசூரில் தர்ஷன் கைது செய்யப்பட்டார். மொத்தம் 17 பேர் மீது வழக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் தாக்கல் செய்யப்பட்ட குற்றப்பத்திரிகை 3,991 பக்கங்களைக் கொண்டது. அதில் 231 சாட்சிகள் இடம் பெற்றுள்ளனர். 2025 நவம்பர் 3-ம் தேதி குற்றச்சாட்டுகள் பதிவு செய்யப்பட்டபோது, எதிரிகள் அவற்றை மறுத்தனர். கொல்லப்பட்டவரின் பெற்றோர் அளித்த சாட்சியத்துடன் டிசம்பரில் விசாரணை தொடங்கியது.

6106 என்ற எண்

கைதுக்குப் பின்னர் வெளிப்பட்ட பொதுமக்களின் எதிர்வினை, வழக்கைவிடவும் கவலைக்குரியதாக இருந்தது. நடிகர் வைக்கப்பட்டிருந்த காவல் நிலையத்தைச் சுற்றி 144 தடை உத்தரவு பிறப்பிக்க வேண்டியிருந்தது. பரப்பன அக்ரஹாரா சிறையில் அவருக்கு அளிக்கப்பட்ட 6106 என்ற கைதி எண், ரசிகர்களின் வாகனங்களிலும் உடலில் பச்சையாகவும் இடம் பெற்றது. ஒரு கைக்குழந்தைக்கு அந்த எண் பொறித்த கைதி உடை அணிவித்துப் படம் எடுத்து வெளியிட்டனர். மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக் கொண்டது. சிறைவாசம் அவமானமாக அல்லாமல், அடையாளச் சின்னமாக மாறியது.

சிறை நிர்வாகமும் இந்த மயக்கத்துக்கு விலக்காக இல்லை. நடிகர் சிறை வளாகத்தில் நாற்காலியில் அமர்ந்து, கையில் சிகரெட்டுடன் ஒரு ரெளடியோடு உரையாடும் படம் 2024 ஆகஸ்ட் மாதம் வெளியானது. சிறை அதிகாரிகள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். நடிகர் பெல்லாரி சிறைக்கு மாற்றப்பட்டார். பின்னாளில் ஜாமீனை ரத்து செய்த நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர், சிறையில் எந்தச் சலுகையும் காட்டக் கூடாது என்று எச்சரித்ததன் பின்னணி இதுதான்.

ரசிகர்களின் கோபம் சாதாரணக் குடிமக்களோடு நிற்கவில்லை. உச்ச நீதிமன்றத்தின் கருத்தை வரவேற்று எழுதியதற்காக, நடிகையும் மண்டியா தொகுதியின் முன்னாள் மக்களவை உறுப்பினருமான ரம்யா ஆபாச வசவுகளுக்கும் மிரட்டல்களுக்கும் ஆளானார். 2025 ஜூலை மாதம் 43 கணக்குகளைக் குறிப்பிட்டு அவர் பெங்களூர் மாநகரக் காவல் ஆணையரிடம் புகார் அளித்தார். கைதுகள் நடந்தன. நாடாளுமன்றத்தில் அமர்ந்த ஒருவருக்கே இந்த நிலை என்றால், நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டிய ஒரு சாமானியர் என்ன நினைப்பார் என்ற கேள்வி எழுகிறது.

மூன்று வகைக் குடும்பங்கள்

இவ்வழக்கில் பாதிக்கப்பட்டவை மூன்று வகைக் குடும்பங்கள். முதலாவது, கொல்லப்பட்டவரின் குடும்பம். அவர் இறந்தபோது மனைவி கர்ப்பிணி. 2024 அக்டோபர் மாதம் ஆண் குழந்தை பிறந்தது. ஒரு பெண்ணுக்கு ஆபாசச் செய்தி அனுப்புவது குற்றமே. அதற்குப் புகார், விசாரணை, தண்டனை என்று சட்டத்தில் வழி உண்டு. ஆனால் சமூக வலைதளங்களில் இறந்தவரின் நடத்தையே விவாதப் பொருளானது. மகனை இழந்த பெற்றோர், அவனுக்காக வாதாட வேண்டியவர்களாகவும் ஆயினர்.

இரண்டாவது, உடன் குற்றம் சாட்டப்பட்டவர்களின் குடும்பங்கள். இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எதிரிகளில் ஆட்டோ ஓட்டுநரும், வாடகைக் கார் ஓட்டுநரும் உண்டு. சித்ரதுர்காவிலிருந்து ரேணுகாசுவாமியை அழைத்து வந்ததில் நடிகரின் ரசிகர் மன்றத்தைச் சேர்ந்தவருக்குப் பங்கு உண்டு என்பது அரசுத் தரப்பின் வாதம். எதிரிகளில் ஒருவரின் தந்தை, மகன் வழக்கில் சிக்கிய செய்திக்குப் பின் மாரடைப்பால் இறந்தார். போலீஸ் காவலோடு வந்துதான் மகன் இறுதிச் சடங்கு செய்ய முடிந்தது. மகன் குற்றம் செய்தவனா என்று எந்த நீதிமன்றமும் கூறுவதற்கு முன்பே தந்தை போய்விட்டார்.

மூன்றாவது, நடிகரின் குடும்பம். தந்தையைப் பற்றி வந்த வசவுகளுக்குப் பள்ளி வயது மகனே சமூக வலைதளத்தில் பதில் எழுத வேண்டியதாயிற்று. கணவரின் வழக்குக்காக அலைந்த மனைவியும், தம்மை ஆபாசமாக ஏசுவோர் மீது 2025 டிசம்பரில் போலீஸில் புகார் அளித்தார். நடிகரின் ரசிகர்கள் மற்றவர்களுக்குச் செய்தது, வேறு சிலரால் அவரது வீட்டாருக்கும் செய்யப்பட்டது.

இக்குடும்பத்துக்கு முந்தைய அனுபவமும் உண்டு. 2011 செப்டம்பரில், மனைவியைத் தாக்கியதாக இதே நடிகர் கைது செய்யப்பட்டார். அப்போது கன்னடத் தயாரிப்பாளர் சங்கம் எடுத்த முதல் நடவடிக்கை, குடும்பத்தில் பிளவு ஏற்படுத்தினார் என்று கூறி ஒரு நடிகைக்கு மூன்றாண்டுத் தடை விதித்ததுதான். எதிர்ப்பு கிளம்பியதும் தடை விலக்கப்பட்டது. நடிகர் சிறையில் இருந்தபோதே வெளியான 'சாரதி' படம் பெரும் வெற்றி பெற்றது. புகார் சமரசத்தில் முடிந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2025 டிசம்பரில் 'டெவில்' வெளியானபோதும் நடிகர் சிறையிலேயே இருந்தார். திரையரங்க வாசலில் கூட்டம் கூடியது. 2011-ல் மக்கள் தந்த மன்னிப்பு அந்த வீட்டுக்கு நன்மை செய்ததா என்பது யோசிக்க வேண்டியது.

தங்கவயலின் பாடம்

இத்தகைய பற்று கன்னடர்களுக்கே உரியது என்று தமிழர்கள் ஒதுங்கிவிட இயலாது. கர்நாடகத்திலேயே உள்ள கோலார் தங்கவயல் இதற்குச் சான்று. வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் வளர்ந்த அந்நகரம், 1983, 1989, 1999 தேர்தல்களில் அ.தி.மு.க. வேட்பாளரைக் கர்நாடக சட்டப்பேரவைக்கு அனுப்பியது. திரையில் பிறந்த பற்று மாநில எல்லையைக் கடந்து வாக்குச் சீட்டாகவும் மாறும் என்பதை அத்தொகுதி காட்டியது.

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பின், பிழைப்புக்காக அங்குள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். 2018 டிசம்பரில் வெளியான 'கே.ஜி.எஃப்.' படம் அந்நகரின் பெயரை நாடெங்கும் ஒலிக்கச் செய்தது. ஆனால் ஒலித்தது ஒரு தாதாவாக உயரும் கற்பனை நாயகனின் புகழே அன்றி, சிலிக்கோசிஸ் நோயில் மடிந்த சுரங்கத் தொழிலாளியின் கதை அன்று. நாயகன் ஒருவனுக்கே பெயர் உண்டு, மற்றவர்கள் கூட்டம் என்பது திரைக்கதைக்குப் பொருந்தலாம். நீதிமன்றத்துக்கு அது பொருந்தாது. ரேணுகாசுவாமி வழக்கில் சிக்கியுள்ள ஓட்டுநர்களின் வீடுகளும், தங்கவயலிலிருந்து அதிகாலை ரயிலைப் பிடிப்போரின் வீடுகளும் ஒரே விதமானவை. அன்றாடச் சம்பாத்தியம் நின்றால் அடுப்பு அணையும். வழக்கறிஞர் படையை அமர்த்தும் வசதி நட்சத்திரத்துக்கு மட்டுமே உண்டு.

தமிழகம் இதன் உச்சத்தையும் கண்டது. 2014 செப்டம்பர் 27-ம் தேதி, சொத்துக் குவிப்பு வழக்கில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவுக்குப் பெங்களூர் தனி நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தபோது, அதிர்ச்சியில் இறந்தவர்கள், தற்கொலை செய்து கொண்டவர்கள் எனப் பட்டியல் வெளியாயிற்று. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் நிதி அறிவிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் விடுதலை, பின்னர் 2017-ல் உச்ச நீதிமன்றத்தால் அது ரத்து என்று வழக்கு திசை மாறிக்கொண்டே இருந்தது. மாறாதது அந்தக் குடும்பங்களின் இழப்பு மட்டுமே.

காலதாமதம் யாருக்கு லாபம்?

ஊடகங்களே தீர்ப்பு எழுதிவிடுகின்றன என்று நடிகரின் ஆதரவாளர்கள் கூறுவதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. தமிழ்த் திரையின் முதல் பெரும் நட்சத்திரமான எம்.கே. தியாகராஜ பாகவதரும், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-ல் தண்டிக்கப்பட்டனர். பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பிய அவ்வழக்கில், 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். கலைவாணர் மீண்டும் திரையில் நிலை பெற்றார். பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவே இல்லை. 1959-ல் அவர் மறைந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி அல்லர் என்பதற்கு இதைவிடத் தெளிவான நினைவூட்டல் தமிழர்களுக்குத் தேவையில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 2002 செப்டம்பரில் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் உறங்கியோர் மீது கார் ஏறிய வழக்கில், நடிகர் சல்மான் கானுக்கு 2015 மே மாதம் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பதின்மூன்று ஆண்டுகள் ஓடிய அவ்வழக்கில், முக்கியச் சாட்சியான காவலர் 2007-லேயே நோயுற்று இறந்துவிட்டார். தண்டனை அறிவிக்கப்பட்டபோது நடைபாதையில் உறங்கியவர்களையே பழித்த பாடகரும் இருந்தார். காலம் நீண்டால் சாட்சிகள் கரைகின்றனர். எளியவர்கள் சோர்கின்றனர். வசதி படைத்தவர்கள் மட்டுமே காத்திருக்க முடிகிறது.

தர்ஷனின் ஜாமீனை ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் முக்கியத்துவம் இங்குதான் உள்ளது. ஜாமீன் கட்டத்திலேயே சாட்சியங்களை எடை போட்டதாக உயர் நீதிமன்ற உத்தரவை அது குறை கூறியது. எவ்வளவு பெரியவரானாலும் சட்டத்துக்கு மேற்பட்டவர் இல்லை என்றும் அழுத்தமாகக் கூறியது. அதே வேளையில், ஜாமீன் ரத்து என்பது தண்டனை அன்று. விசாரணை இழுத்துக்கொண்டே போனால் அது தண்டனையாகவே மாறிவிடும். எனவே எதிரிகளின் உரிமையும், இறந்தவர் குடும்பத்தின் உரிமையும் விரைவான விசாரணை என்ற ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

சட்டத்தில் இதற்கான கருவிகள் இல்லாமல் இல்லை. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரிலேயே ஏற்று, நாடு முழுவதும் நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398-வது பிரிவு, ஒவ்வொரு மாநில அரசும் இத்தகைய திட்டத்தை வகுத்து அறிவிக்க வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்டவர் தரப்புக்கு ஜாமீன் உள்பட வழக்கின் எல்லாக் கட்டங்களிலும் தம் தரப்பைக் கூறும் உரிமை உண்டு என்பதை, லக்கீம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உறுதி செய்தது. இழப்பீட்டுக்கும் சட்டப் பிரிவு உள்ளது. தேவைப்படுவது, ரசிகர் மன்றங்களின் வாக்கு பலத்தைக் கணக்கிடாமல் இவற்றைச் செயல்படுத்தும் அரசியல் துணிவு. மிரட்டல் பதிவுகள் மீதான நடவடிக்கை, முன்னாள் எம்.பி. புகார் தந்தால் மட்டும் அல்லாமல், ஒரு சாட்சியின் மனைவி தந்தாலும் அதே வேகத்தில் நடக்க வேண்டும்.

231 சாட்சிகளில் எத்தனை பேரை அரசுத் தரப்பு உண்மையில் விசாரிக்கப் போகிறது, அவர்களில் எத்தனை பேர் முதலில் சொன்னதையே கூண்டிலும் சொல்லப் போகின்றனர் என்பதில்தான் வழக்கின் முடிவு அடங்கியுள்ளது. சல்மான் கான் வழக்கு எடுத்துக்கொண்ட அதே காலத்தை இவ்வழக்கும் எடுத்துக் கொண்டால், தந்தை இறந்த பின் பிறந்த அந்தச் சித்ரதுர்கா குழந்தை, தீர்ப்பு வரும்போது எட்டாம் வகுப்பில் படித்துக் கொண்டிருக்கும். தன் தந்தை எப்படி இறந்தார் என்பதை அது செய்தித்தாளைப் பார்த்துத் தானே படித்துத் தெரிந்துகொள்ளும் வயது அது.