அப்பாவின் பிளாப்பி

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என்னைத் தேடி வந்தால், ஒன்று கேஸ் தீர்ந்திருக்கும், அல்லது அட்வைஸ் ஆரம்பமாகும். போன வாரம் கையில் ஒரு பிளாப்பியோடு வந்தார்.

"டேய், 1993-ல உங்க பெரியப்பாவுக்கு அடிச்ச லெட்டர் இதுல இருக்கு. அப்போ அனுப்பலை. எடுத்துக் கொடு."

அண்ணனும் தம்பியும் பேசி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. காரணம், பொதுக் கிணற்று மோட்டார் ரிப்பேர் செலவு.

ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டிய அப்பாவுக்குத் தெரிந்த ஒரே சாஃப்ட்வேர் வேர்ட்ஸ்டார். 1978-ல் பிறந்தது. மௌஸ் தேவையில்லை, எல்லாமே கன்ட்ரோல் கீதான்.

யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கிச் செருகினேன். கடகடவென்று முனகிவிட்டு, ஆச்சரியம், படித்துவிட்டது! லெட்டரை நோட்பேடில் திறந்தால், அநேகமாக ஒவ்வொரு வார்த்தையின் கடைசி எழுத்தும் கிறுக்கல். வைரஸ் இல்லை சார். வரிகளை ஒழுங்குபடுத்த, பழைய வேர்ட்ஸ்டார் கடைசி எழுத்தில் ஒரு ரகசியக் குறி வைக்கும். அது நோட்பேடுக்குப் புரியாது.

பிளாப்பியிலேயே வேர்ட்ஸ்டார் 4 இருந்தது. தட்டினேன். 'இது இங்கே ஓடாது' என்று விண்டோஸ் 11 கையை விரித்தது. 64 பிட் விண்டோஸ், பழைய 16 பிட் புரோகிராம்களை வாசலோடு அனுப்பிவிடும்.

கைகொடுத்தது டாஸ்பாக்ஸ். பழைய டாஸ் கேம்ஸ் ஆடுவதற்காக வந்த இலவச சாஃப்ட்வேர். புது கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் பழைய கம்ப்யூட்டரை உட்கார வைக்கும். ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் காப்பி செய்து, 'மவுண்ட்' என்ற கட்டளையால் அதையே சி டிரைவ் என்று நம்ப வைத்து, டபிள்யூ.எஸ். என்று அடித்தேன். வந்தேவிட்டது!

பைத்தியக்காரத்தனம் என்கிறீர்களா? 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' புகழ் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், இதே வேர்ட்ஸ்டார் 4-ல்தான் எழுதுவதாக 2014-ல் டி.வி.யிலேயே சொன்னார்.

அப்பா உட்கார்ந்தார். ரெண்டு பக்கம். காயில் கட்டின செலவில் பெரியப்பா பங்கு 870 ரூபாய், கல்யாணத்தில் மதிக்காதது, சபையில் சிரித்தது... படிக்கப் படிக்க முகம் மாறியது.

"நானாடா இப்படி எழுதினேன்?"

விரல்கள் எதையும் மறக்கவில்லை. கன்ட்ரோல் கே.பி., கன்ட்ரோல் கே.கே. என்று மொத்தத்தையும் பிளாக் செய்தார். கன்ட்ரோல் கே.ஒய். காலி! மிஞ்சியது முதல் வரி மட்டும்: 'மை டியர் அண்ணா'.

"பிரின்ட் எடுக்கட்டுமாப்பா?"

"வேண்டாம். போனைப் போட்டுக் கொடு. நீயும் உன் பெரியப்பா பையனும் திருட்டுத்தனமாப் பேசிக்கறது எனக்குத் தெரியும்."

அரை மணி நேரம் பேசினார்கள். மோட்டார் பேச்சே வரவில்லை. பி.காம். பாஷையில் இதற்கு 'ரைட் ஆஃப்' என்று பெயர்.

ஒரு சின்ன சிக்கல். அப்பா அழித்தது காப்பியைத்தான். ஒரிஜினல் இன்னும் பிளாப்பியில் இருக்கிறது. அதை ஒளித்து வைத்திருக்கும் இடத்தை உங்களுக்கும் சொல்வதாக இல்லை.