47 ஏன்? 50 ஏன் இல்லை?

2022-இல் பாடச்சுமைக் குறைப்பின்போது என்.சி.இ.ஆர்.டி. தன் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூலிலிருந்து கார்பன் மின்தடையாக்கிகளின் நிறக் குறியீட்டை நீக்கியது. மனப்பாடம் ஒழிந்ததென மகிழ்வோர் உண்டு; அடிப்படை போயிற்றென வருந்துவோரும் உண்டு. பாடத்தில் இருந்த காலத்தில் அது எதைக் கற்பித்தது என்று இரு சாராரும் கேட்பதில்லை.

கற்பித்தது ஒரு வாய்பாட்டை. கிரேட் பிரிட்டனின் பி.பி. ராய்க்கு மிக நல்ல மனைவி இருந்தாராம்! கல்லூரி ஆய்வகங்களில் அவர் இன்னும் வாழ்கிறார். அந்த ஆங்கில வாக்கியத்தில் ‘பி’ மூன்று நிறங்களுக்கு, ‘ஜி’ இரண்டுக்கு. எது எதுவென நினைவுகூர இன்னொரு வாய்பாடு வேண்டும். உண்மை வரிசையோ எளிது: கறுப்பு 0, பழுப்பு 1, பின்னர் 2 முதல் 7 வரை சிவப்பிலிருந்து ஊதா வரை கருநீலம் நீங்கிய வானவில், சாம்பல் 8, வெள்ளை 9.

மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்கம் என்றால் 4,700 ஓம், 5 விழுக்காடு என எழுதும் மாணவரிடம், ‘ஏன் 4,700? ஏன் 5,000 இல்லை?’ என்று வாய்மொழித் தேர்வில் எத்தனை பேர் கேட்கிறோம்? பொருள் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. 10 விழுக்காடு விலகலை ஏற்கும் வரிசையில் பன்னிரண்டே மதிப்புகள்: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் ஏறத்தாழ 1.21 மடங்கு. 47-இன் மேலெல்லை 51.7, 56-இன் கீழெல்லை 50.4. ஆகவே 50-க்குத் தனி இடம் தேவைப்படவில்லை. தங்கப் பட்டையை ஒப்புக்கு வாசித்துக் கடந்துசெல்லும் வகுப்பு இதை எப்படிக் கண்டடையும்?

பட்டைகள் சொல்லாததும் உண்டு. 100 ஓம், கால் வாட் மின்தடையாக்கியை 9 வோல்ட் மின்கலத்தின் குறுக்கே நேரடியாக இணைத்தால் அதில் வெளியாகும் திறன் 0.81 வாட். நிறங்களைப் பிழையின்றி வாசித்தவர் கையிலும் அது கருகும்.

சிவப்பு–பச்சை வேறுபாட்டை உணர இயலாத மாணவரின் நிலை இன்னும் கொடிது. மூன்றாம் பட்டை பழுப்பா சிவப்பா என்பதில் விடை பத்து மடங்கு மாறுகிறது. அவர் இழக்கும் மதிப்பெண்ணுக்கும் இயற்பியலுக்கும் என்ன தொடர்பு?

நிற அட்டவணையை வினாத்தாளிலேயே அச்சிடுங்கள். பட்டைகளின் பெயர்களையும் எழுத்தில் தாருங்கள். பிறகு கேளுங்கள்: 5 விழுக்காடு விலகல் கொண்ட 4,700 ஓம் மின்தடையாக்கியை அளந்தபோது மல்டிமீட்டர் 4,520 ஓம் காட்டியது. அதைத் தூக்கியெறியலாமா?