நடுச்சொல்லைத் தொட்டுக் கேளுங்கள்

தில்லி லோதி ரோட்டில் மாலைநேரத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். இரண்டாம் வகுப்புப் பையன் பாடத்தை மளமளவென்று ஒப்பிப்பான். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் விழிப்பான். மனப்பாடத்தை வாசிப்பு என்று நம்பிவிடுகிறோம்.

2022இல் தமிழ்நாடு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்தது. சரியான வழி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கே லோதி எஸ்டேட்டில் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பாடத்தில் ஆங்கிலம் என வளரும் இப்பள்ளிகளின் பிள்ளைகளுக்கு, கற்றல் நிலைப்படியான அந்தப் பிரிப்பு இன்னும் அவசியம். ‘கெ’, ‘கே’ குழம்பும் பிள்ளையையும் கதை வாசிக்கும் பிள்ளையையும் ஒரே பாடத்தில் உட்காரவைப்பது இருவருக்கும் அநியாயம்.

இப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களே, பிள்ளைகளை நிலைப்படி பிரித்து, தினமும் அரைமணி நேரம் வாசிப்புக்கென்றே ஒதுக்குங்கள்.