மாத்திரை மலிந்தது, கழிப்பறை?

எம்பாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மருந்துக்கான காப்புரிமை 2025 மார்ச் மாதம் இந்தியாவில் காலாவதியானது. அதுவரை ஏறத்தாழ அறுபது ரூபாய்க்கு விற்ற மாத்திரையை உள்நாட்டு நிறுவனங்கள் பத்து ரூபாய்க்கும் குறைவான விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தன. அதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசின் 2020-ஆம் ஆண்டிலேயே இவ்வாறு மலிந்துவிட்டது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பளிப்பவை என்று மருத்துவர்கள் மதிக்கும் இம்மருந்துகள் அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளியின் கைக்கெட்டியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. பல ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்த எனக்கு, போட்டி விலையைக் குறைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறையில் வாய்த்ததில்லை.

ஆனால், அதே பாடநூலில் நிரப்புப் பண்டங்கள் என்றொரு பகுதியும் உண்டு. பேனா மலிந்தாலும் மை கிடைக்காவிட்டால் எழுத முடியாது. மேற்கண்ட மாத்திரைகள் இரத்தத்தில் மிகும் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. எனவே சிறுநீர் அதிகம் பிரியும். தண்ணீரும் அதிகம் பருக வேண்டும். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று ஏற்படும் வாய்ப்பு இவற்றால் கூடுகிறது என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. சிறுநீர்ப்பாதைத் தொற்று கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபோல் பேசவில்லை. எனினும், கடுமையான தொற்று நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரித்தது. ஆக, தண்ணீரும் தூய்மையான கழிப்பறையும் இம்மாத்திரையின் நிரப்புப் பண்டங்கள். அவற்றின் விலை குறையவில்லை.

மருந்தை விட்டுவிட்டாலும் நீரிழிவே போதுமான காரணம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களின் திறன் குன்றுகிறது. நாள்பட்ட நோயாளிகளுக்குச் சிறுநீர்ப்பையின் நரம்புகள் தளர்வதால் பை முழுமையாகக் காலியாவதில்லை. தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகுகிறது. எரிச்சல், வலி போன்ற முன்னறிவிப்புகள்கூடச் சிலருக்கு மங்கிவிடுகின்றன. பெண்களுக்கு உடலமைப்பும் சேர்ந்துகொள்கிறது. தொற்று சிறுநீரகம் வரை ஏறி, அங்கே திசுக்களில் வாயு சேரும் கொடிய நிலைக்கு ஆளாவோரில் மிகப் பெரும்பாலோர் நீரிழிவு நோயாளிகளே.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. இவர்களில் எத்தனை பேர் எட்டு மணி நேரம் எழுந்து செல்ல முடியாத வேலையில் இருக்கிறார்கள் என்று எவரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. நான் வசிக்கும் பகுதியில் கேட்டவரை ஒரே விடைதான் வருகிறது. தையல் கூடங்களுக்கும் பொட்டலமிடும் பிரிவுகளுக்கும் செல்லும் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பேருந்தில் திரும்பி, வீட்டுக்குச் சென்ற பிறகே தாராளமாகக் குடிக்கிறார்கள். இது அறியாமையன்று. கிடைக்கும் கழிப்பறையின் தரத்தையும், இருக்கையை விட்டு எழுந்தால் மேற்பார்வையாளர் பார்க்கும் பார்வையையும் எடைபோட்டு எடுக்கப்படும் கணக்கான முடிவு.

சட்டம் இதை அறியாததல்ல. போதுமான கழிப்பறைகள், வேலை நேரம் முழுவதும் எளிதில் அணுகக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 19-ஆவது பிரிவிலேயே வரையறுத்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை அதற்குப் பிறகு, 1960-களில் வந்தது. கடைகளில் நின்றே வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது, பாராட்டத்தக்கது. ஆனால் உட்காரும் உரிமையைப் போலவே எழுந்து செல்லும் உரிமையும் சிலருக்கு மருத்துவத் தேவை.

தொற்று வந்த பின் ஆகும் செலவைப் பாருங்கள். தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் நோய்க்காலப் பணப்பயன் கூலியில் 70 விழுக்காடு. ஆண்டுக்கு 91 நாள்கள் வரை. பொதுவாக முதல் இரண்டு நாள்களுக்கு அது கிடையாது. சிறுநீர்த் தொற்றுக்காக ஒரு தொழிலாளி எடுக்கும் விடுப்போ பெரும்பாலும் அந்த இரண்டு, மூன்று நாள்தான்! எனவே விடுப்பே எடுக்காமல், தெருமுனை மருந்துக் கடையில் போன முறை வாங்கிய அதே நுண்ணுயிர்க்கொல்லியை வாங்கி, எரிச்சல் அடங்கியதும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இத்தகைய பல மருந்துகளைச் சீட்டின்றி விற்பதைத் தடுக்க 2014 மார்ச் முதல் ஹெச்1 பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியலை எந்தக் கடை மதிக்கிறது என்பது வேறு. மருந்துக்கு அடங்காத கிருமி மீண்டும் வரும்போது மாத்திரை பலிக்காது. நாள்தோறும் ஊசி, சில வேளை மருத்துவமனைப் படுக்கை. அரைகுறையாக உண்ட மாத்திரையின் விலையை இப்படி ஊரே சேர்ந்து கட்டுகிறது.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. அறிகுறி எதுவும் இல்லாத நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் கிருமி தெரிந்தாலே சிலர் மருந்து எழுதிவிடுகிறார்கள். கனடாவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு, நீரிழிவுள்ள பெண்களுக்கு அவ்வாறு மருந்து தருவதால் பின்விளைவுகள் குறையவில்லை என்று காட்டியது. பரிசோதனைக்கூடங்களின் 'முழு உடல்' சலுகைத் தொகுப்புகளுக்கு இச்செய்தி உவப்பாக இராது. ஆனால் குளிர்காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி என்றால் நிலைமை வேறு. ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வாந்தியோடு உணவும் இறங்காதபோது இந்த வகை மாத்திரையைத் தொடரலாமா என்பதையும் உடனே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பின்னர் பணியிடங்களுக்கும் விரிந்து, தொழிலாளர்களின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கிறது. அளக்க வரும் பணியாளரின் படிவத்தில் இன்னும் மூன்று வரிகள் சேர்க்கலாம்: இந்த வளாகத்தில் பெண்களுக்கு எத்தனை கழிப்பறைகள் இயங்குகின்றன? தண்ணீர் வருகிறதா? வேலை நேரத்தில் அனுமதி கேட்காமல் செல்ல முடியுமா? நிரப்பிய படிவத்தின் ஒரு படி, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குச் செல்ல வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதி ஒதுக்கீடோ தேவையில்லை; இரு துறைகள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டால் போதும்.