விடுதலைப் பத்திரத்தில் யாருக்கு விடுதலை?

மாசி மகம் முடிந்த மறுநாள். மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி முடித்துத் திரும்பியிருந்தார்கள். எங்கள் வீட்டு விருந்தாளிகள் மட்டும் கிளம்பவில்லை. சாப்பாடு முடிந்ததும் மாமா ஒரு பத்திரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "அக்கா போட்டுட்டா. நீயும் ஒரு கையெழுத்து போட்டுடும்மா." அப்பா விட்டுச்சென்ற வீட்டில் எனக்குள்ள பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம் அது. பதிவு அலுவலகத்தில் அதன் பெயர் விடுதலைப் பத்திரம்.

நான் போடவில்லை. அன்றிலிருந்து அண்ணன் என்னிடம் பேசுவதில்லை. ஊர் இதை 'அண்ணன் தங்கச்சி சண்டை' என்கிறது. தோழர்கள் சிலரும் அதையே சொன்னார்கள்: "அது குடும்ப விஷயம், அதுல எதுக்கு அரசியல்?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் வஞ்சிரக் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அண்ணனுக்கு. "அவன் கடலுக்குப் போறவன்" என்பார் அம்மா. அவன் கடலையே மிதிக்காத எட்டு வயதிலும் நடுத்துண்டு அவனுக்குத்தான். அப்பா, அண்ணன், அக்கா, நான் என்று ஒரு வரிசை. விடியுமுன் எழுந்து, பெரிய மார்க்கெட்டுக்குக் கூடை சுமந்து, வீட்டுக்குப் பாதி வருமானம் கொண்டுவந்த அம்மா கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவார். அண்ணன் அடிப்பான், நான் கடிப்பேன், திட்டு எனக்கு விழும். அப்போது எனக்கிருந்த பெரிய வருத்தம், எனக்குக் கீழே யாருமில்லையே என்பதுதான்.

ஒருநாள் சேரியிலிருந்து என் வகுப்புத் தோழி வீட்டுக்கு வந்தாள். அம்மா அவளுக்குத் தனி டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். எனக்கு அது தவறாகப் படவில்லை. உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. கடைசியில் எனக்குக் கீழேயும் ஒருத்தி கிடைத்துவிட்டாள்! படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதைப் பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்கு அந்த டம்ளர்தான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் மிதிக்க ஒருவரைக் கொடுத்துவிட்டால் மேலே இருப்பவனை யாரும் அண்ணாந்து பார்க்கமாட்டார்கள். இந்தப் பாடத்தை எனக்கு எந்த சாதிச் சங்கமும் நடத்தவில்லை. அடுப்படியில்தான் கற்றுக்கொண்டேன்.

அண்ணன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனவன் அவன். "நான் செத்துப் பொழச்சு கொண்டாந்த காசுலதான நீ படிச்ச?" என்று கேட்டான். உண்மைதான். அந்தக் கடனை நான் மறுக்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் பார்க்கவும் தயார். ஆனால் அதே கணக்கில் அம்மாவின் கூடையும் வரவேண்டும், அம்மாவோடு மீன் விற்க எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்ட அக்காவின் பள்ளிக்கூடமும் வரவேண்டும். அக்காவிடம் கையெழுத்து வாங்கியபோது யாரும் கணக்குப் பார்க்கவில்லையே?

மகளுக்குச் சொத்தில் பங்கு என்பது சும்மா வந்த உரிமை அல்ல. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு அதைத் தீர்மானமாகப் போட்டது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டதைக் கண்டித்து அம்பேத்கர் 1951இல் அமைச்சர் பதவியையே உதறினார். 1956 சட்டம் பங்கு கொடுத்தது. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் பாகப்பிரிவினை கேட்க முடியாது என்று ஒரு பூட்டையும் போட்டது. அந்தப் பூட்டு உடைய 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மகனைப் போலவே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை உண்டு, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சட்டம் போட்ட பூட்டு போய்விட்டது. இப்போது விடுதலைப் பத்திரம்தான் பூட்டு.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் இன்னொரு வரலாறும் உண்டு. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு ஆணையின் கீழ், இந்து வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு குடிமைச் சட்டத்துக்கு மாறியவர்களை ரெனோன்சான்கள் என்பார்கள். ஒடுக்கப்பட்ட மக்களும் கிறித்தவர்களும் அவர்களில் கணிசம். அந்தச் சட்டத்தில் மூத்தவன் இளையவள், ஆண் பெண் என்ற பேதமில்லாமல் பிள்ளைகளுக்குச் சம பங்கு. இன்றைக்கும் இந்து வாரிசுரிமைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. காலனி அரசு கருணையால் இதைச் செய்யவில்லை. அந்தச் சட்டத்தால் சாதி ஒழிந்துவிடவும் இல்லை. ஆனால் 'காலங்காலமா வர்ற வழக்கம்' என்று மாமா சொல்லும் ஒன்றை, இதே ஊரில் ஏறக்குறைய நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே கையெழுத்துப் போட்டுத் துறந்தவர்கள் இருந்தார்கள்.

இதெல்லாம் பெண்ணுரிமை, சாதி எங்கே வந்தது என்று கேட்கலாம். அகமணம்தான் சாதியின் உயிர் என்று அம்பேத்கர் 1916லேயே எழுதினார். பங்கு வாங்கிய மகள் வேறு சாதியில் கல்யாணம் செய்தால் அந்த மனையும் சாதியைத் தாண்டிப் போகும். அதனால்தான் அவள் பங்கை முதலிலேயே பிடுங்கிக்கொள்கிறார்கள்; அவளைக் காவல் காக்கும் வேலையை அண்ணன் தம்பியிடம் ஒப்படைக்கிறார்கள். 2003இல் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் தலித் இளைஞர் முருகேசனும் வன்னியர் பெண் கண்ணகியும் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். 2021இல் கடலூர் நீதிமன்றம் கண்ணகியின் சகோதரனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. 2025இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நடுத்துண்டு சாப்பிட்ட எல்லா அண்ணன்களும் கொலைகாரர்கள் அல்ல. ஆனால் தங்கையின் பங்கும் கல்யாணமும் தன் பொறுப்பில் இருக்கின்றன என்ற நினைப்பு நல்ல அண்ணனுக்கும் இருக்கிறது. அந்த நினைப்பு முற்றிய இடம்தான் புதுக்கூரைப்பேட்டை.

கண்ணகி முருகேசன் நினைவு நாளில் பதிவு போடும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு பீரோவில் விடுதலைப் பத்திரம் இருக்கிறதா? அதில் உங்கள் அக்காவும் தங்கையும் எந்த மிரட்டலுக்குப் பிறகு கையெழுத்துப் போட்டார்கள்? 'அம்மா வீட்டு வாசல் வேணுமா வேணாமா' என்பதும் மிரட்டல்தான். இருந்தால் அவர்கள் பங்கை அவர்கள் பேரிலேயே பத்திரம் பதிந்து திருப்பிக் கொடுங்கள். பிறகு மேடைக்கு வாருங்கள்.

அந்தப் பத்திரம் இன்னும் கையெழுத்தில்லாமல் மாமாவிடம்தான் இருக்கிறது. அண்ணன் பேசினால் நான் பேசத் தயார். அவன் கூட்டிக்கொண்டு வரவேண்டியது அக்காவை, மாமாவை அல்ல.