வரைபடத்தில் இடம் தீர்ந்த பிறகுதான் எங்கள் தெரு வரையப்படுகிறது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊராட்சியில் வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலைக்குத் தன்னார்வலராகப் போயிருந்தேன். 'சமூக வரைபடம்' வரைவது முதல் நாள் வேலை. ஊர் மக்களே கூடி, தரையில் கோலமாவையும் வண்ணப்பொடியையும் வைத்துத் தங்கள் ஊரை வரைய வேண்டும். எங்கே தண்ணீர் வரவில்லை, எங்கே சாலை இல்லை, எங்கே விளக்கு எரியவில்லை என்று அவர்களே குறிக்க வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு ஜனநாயகமாக இருக்கிறது!

முதலில் கோயிலை வரைந்தார்கள். பிறகு மேலத்தெரு, கீழத்தெரு, பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, ஏரி. எல்லாம் முடிந்தபோது தரையில் இடம் தீர்ந்துவிட்டது. "காலனி எங்கண்ணே?" என்று கேட்டேன். ஒருவர் சுவரோரம் ஒரு சின்னக் கட்டம் போட்டு, "இந்தா, இதான்பா காலனி" என்றார். அந்தக் கட்டத்துக்குள் தெரு இல்லை, குழாய் இல்லை, ஒரு வீடுகூட இல்லை. நான் பிறந்து வளர்ந்த வீடு அதற்குள்தான் இருக்கிறது.

எங்கள் தெருவிலிருந்து வந்த மூன்று பெண்கள் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். அவர்களையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். மக்கள் பங்கேற்பு நிறைவேறியது.

அன்று தயாரான பணிகளின் பட்டியலில் எங்கள் தெருவின் சாக்கடையும் இருந்தது, கடைசி வரியில். நிதி அந்த வரிக்கு வருவதற்குள் தீர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டும் அதே பட்டியல், அதே கடைசி வரி. யாரும் எங்களை மறுக்கவில்லை. வரிசையில் நிற்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இதைப் பயிற்சிக் குறைபாடு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஊராட்சிச் செயலருக்கு இன்னும் இரண்டு நாள் பயிற்சி, இன்னொரு செயலி, இன்னொரு இணையதளம், இன்னொரு தரவரிசை. உள்ளாட்சித் திட்டமிடலை மேம்படுத்துவது பற்றிப் பேசும்போதெல்லாம் பேச்சு இங்கேயேதான் சுற்றுகிறது. நான் கேட்கிறேன்: அந்தக் கட்டத்தை ஓரமாகப் போட்டவருக்கு எந்தப் பயிற்சி குறைவாக இருந்தது? அவர் தன் ஊரைத் துல்லியமாகத்தான் வரைந்தார். ஊர் அப்படித்தான் இருக்கிறது.

அரசியலமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி சேர்க்கப்பட்ட 243ஜி பிரிவு, ஊராட்சிகள் எதற்காகத் திட்டமிட வேண்டும் என்று இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று பொருளாதார வளர்ச்சி. இன்னொன்று சமூக நீதி. இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன. ஆனால் 2015இலிருந்து ஆண்டுதோறும் தயாராகும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் பெயரிலேயே வளர்ச்சி மட்டும்தான் இருக்கிறது. சமூக நீதி எங்கே போனது? பேவர் பிளாக் பதிக்க எத்தனை சதுர மீட்டர் என்று எழுதக் கட்டம் இருக்கிறது. இந்த ஊரில் யார் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கலாம் என்று எழுதக் கட்டம் இருக்கிறதா?

என் வாதம் இதுதான். ஊராட்சித் திட்டம் என்பது சட்டப்படியே ஒரு சமூக நீதித் திட்டம். சேரியிலிருந்து தொடங்காத எந்த ஊராட்சித் திட்டமும் பாதித் திட்டம்தான்.

அண்ணல் அம்பேத்கர் இதை முன்பே பார்த்தவர். 1948 நவம்பர் 4 அன்று வரைவு அரசியலமைப்பை அவையில் முன்வைத்துப் பேசியபோது, கிராமக் குடியரசுகளைப் புகழ்ந்தவர்களை அவர் கடுமையாகச் சாடினார். குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் நிறைந்த இடம்தான் கிராமம் என்றார். தனிமனிதரையே அடிப்படை அலகாக வைத்ததற்காக மகிழ்ந்தார். அதே மாதத்தில் காந்தியர்களின் வலியுறுத்தலால் கிராமப் பஞ்சாயத்து வழிகாட்டு நெறிகளுக்குள் வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகிச் சட்டமாகவும் ஆனது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடிகளுக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடஒதுக்கீடு அதில் இருந்தது. அது பெரிய வெற்றி. ஆனால் நாற்காலிக்குத்தான் ஒதுக்கீடு கிடைத்தது. திட்டத்துக்குக் கிடைக்கவில்லை.

நாற்காலிக்காக நாம் கொடுத்த விலை என்ன? 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலித் தலைவர் ஒருவர் நிலையாகப் பதவியில் அமர முடியவில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் 2020இல் வெளியானது. 2022 ஆகஸ்ட்டில், தலித் தலைவர்கள் சுதந்திர தினக் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கொடிக்கயிற்றைத் தொட விடாத ஊரில், திட்டத்தின் முதல் வரியை யார் எழுதுவார்கள் என்று கேட்கவும் வேண்டுமா?

நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் பேனா முழுதாகக் கைக்கு வருவதில்லை. தமிழ்நாட்டில் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஆதிக்கச் சாதியினர் பெரும்பான்மையாக இருக்கும் மன்றத்தில் அவர் யாராக இருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. ஊழலைத் தடுக்க வந்த இரண்டாவது கையெழுத்து, பல ஊர்களில் தலித் தலைவரைப் பணிய வைக்கும் கயிறாகிவிட்டது.

"கிராம சபையைக் கூட்டுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. நல்ல எண்ணம் கொண்டவர்கள்தான். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் குறைவெண் நிறைந்துவிடும். அந்த 100 பேரில் சேரியிலிருந்து எத்தனை பேர் என்று யார் கேட்கிறார்கள்? தீர்மானம் கை தூக்கி நிறைவேறுகிறது. நாளைக் காலை யாருடைய வயலுக்கு நடவுக்குப் போக வேண்டுமோ, யாரிடம் வட்டிக்கு வாங்கியிருக்கிறோமோ, அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எங்கள் அம்மா எந்தக் கையைத் தூக்குவார்? மதம் சார்ந்த வளாகங்களில் கிராம சபை நடத்தக் கூடாது என்று அரசே அறிவுறுத்துகிறது. ஆனால் கோயில் வாசலுக்கு எதிர்ப்புறக் கட்டடத்தில் நடத்தினால் விதி மீறப்படவில்லை; சேரிக்குத்தான் கால் எழவில்லை.

அந்தச் சபையும் பல நேரங்களில் அனாதையாக நிற்கிறது. 2016க்குப் பிறகு 2019 இறுதி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகள் இல்லாமலே தமிழ்நாடு இருந்தது. 2025 ஜனவரி 5 அன்று 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. தேர்தலே நடக்காவிட்டால் ஒதுக்கீட்டுத் தொகுதி எதற்கு?

பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். 15ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டியது. சேரிக்குத் தேவையானதும் அதுதான். ஆனால் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை நிதிக் குழு முடிவு செய்வதில்லை. மேல்நிலைத் தொட்டி ஊருக்குள் நிற்கும். குழாய் தெருத்தெருவாகப் போய்க் கடைசியில் காலனிக்கு வரும். ஊரில் நான்கு பேர் மோட்டார் வைத்து உறிஞ்சினால் எங்களுக்குக் காற்றுதான் வரும். கணக்கில் நூறு விழுக்காடு வீடுகளுக்கும் இணைப்பு கொடுத்தாயிற்று.

இதற்கு ஊர் கண்டுபிடித்த தீர்வு தனித் தொட்டி. இங்கே நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் வராத கோபத்தில், "எங்களுக்குத் தனியா ஒரு தொட்டி கட்டிக் கொடுங்க" என்று நாமே மனு கொடுத்திருக்கிறோம். என் அப்பாவும் கொடுத்தார். அந்த மனுவை அதிகாரிகள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள். ஏனென்றால் தனித் தொட்டி, தனி மயானம், தனிச் சமுதாயக் கூடம் என்று கட்டிக்கொண்டே போனால் சேரிக்குச் செலவு செய்த கணக்கும் காட்டலாம், ஊரின் கோபமும் இருக்காது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. குற்றவாளி யார் என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். ஒரு ஊராட்சிக்குள் ஒரு சாதிக்கென்று ஒரு தொட்டி எப்படி வந்தது என்ற கேள்வியை யாரிடம் கேட்பது? அது வானத்திலிருந்து விழவில்லை. மதிப்பீடு போட்டு, தீர்மானம் போட்டு, நிதி ஒதுக்கிக் கட்டியது. தீண்டாமைக்கும் இங்கே தொழில்நுட்ப அனுமதி உண்டு.

அரசுக்கு வேறு மாதிரி திட்டமிடத் தெரியாதா? தெரியும். 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரத்தில் 100 வீடுகள்: 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. அதன் குறைகளைத் தனியாகப் பேசலாம். ஆனால் வீட்டு எண்ணும் குழாயும்கூடச் சாதிக்கு எதிராக வரையப்படலாம் என்று அரசே ஒப்புக்கொண்ட ஆவணம் அது. ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டும்போது சாத்தியமானது, ஊருக்குள் திட்டமிடும்போது மட்டும் ஏன் சாத்தியமில்லை?

அண்டை மாநிலத்தைக் காட்டி ஏமாற்றவும் வேண்டாம். கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. இந்தியாவிலேயே பெரிய முயற்சி அது. ஆனாலும் தலித்துகளும் ஆதிவாசிகளும் அங்கேயும் காலனிகளில்தான் இருந்தார்கள். 2024இல் அந்த மாநிலம் 'காலனி' என்ற சொல்லை நீக்கியது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் அறிவித்தது. வரவேற்கிறேன். பலகையில் பெயர் மாறட்டும். குழாயின் கடைசி முனை எப்போது மாறும்?

என்ன செய்ய வேண்டும்? என் கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று, கிராம சபைக்கு முன் சேரியில் சேரி மக்களின் சபை கூட வேண்டும். அதன் தீர்மானங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தில் வர வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

இரண்டு, ஒவ்வொரு குடியிருப்புக்கும் கடந்த பத்து ஆண்டுகளில் ஊராட்சி செலவிட்ட தொகையைத் தெருவாரியாக ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுத வேண்டும். 1979இலிருந்து பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டம் இருக்கிறது. 2024இல் தமிழ்நாடு அதற்குச் சட்டமே இயற்றியது. அந்தச் சட்டத்தின் கணக்கு கோட்டையில் துறைவாரியாக இருந்தால் போதாது. எங்கள் தெரு வரைக்கும் வர வேண்டும்.

மூன்று, புதிய வசதி எதுவும் சாதிக்கொன்றாகக் கட்டப்படக் கூடாது. ஒரே தொட்டி, ஒரே மயானம், ஒரே கூடம். பொதுக் கட்டடமும் தொட்டியும் சேரிப் பக்கம் வரட்டும். குழாய் சேரியிலிருந்து தொடங்கி ஊருக்குள் போகட்டும்.

நான்கு, குறிப்பிட்ட நாட்களுக்குள் துணைத் தலைவர் எழுத்துபூர்வமான காரணம் இல்லாமல் ஒப்புதல் மறுத்தால், அந்த அதிகாரம் தானாக வேறொரு உறுப்பினருக்குப் போக வேண்டும்.

ஐந்து, உள்ளாட்சித் தேர்தல் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது.

"ஊரைப் பிரிக்கிறீர்கள்" என்பார்கள். ஊரைப் பிரித்தது நாங்கள் அல்ல. பிரித்த கோட்டின் மேலேயே குழாய் பதித்தவர்கள், அந்தக் கோட்டைக் காட்டுபவரைப் பார்த்துப் பிரிவினை என்கிறார்கள்.

இதைப் படிக்கும் தோழர்களே, உங்களில் பலர் நகரத்தில் இருப்பீர்கள். சாதி ஒழிப்பைக் கருத்தரங்குகளிலும் பதிவுகளிலும் பேசுகிறோம், பேச வேண்டும். ஆனால் நம் ஊரில் சாதி அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டில் சிமென்ட், கம்பி, குழாய் என்று எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு ஊருக்குப் போங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளின் பணிப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, எந்தப் பணி எந்தத் தெருவில் என்று பிரித்து எழுதிக் கொண்டுபோங்கள். சேரியிலிருந்து நாலு பேரோடு உள்ளே போய் உட்காருங்கள், வாசலில் அல்ல. பட்டியலை உரக்கப் படியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

நான் அடுத்த முறை கோலமாவோடு போகப் போகிறேன். முதலில் எங்கள் தெருவை வரைவேன். வீடு வீடாக, குழாய் குழாயாக, நடுவில். கோயிலுக்கு இடம் மிஞ்சுகிறதா என்று பிறகு பார்க்கலாம்.