வண்டி உயரத்தை எங்க அளக்கணும்?

லீவுக்கு ஊருக்கு வர்ற பிள்ளைக பேச்செல்லாம் இப்போ தார், ஜிம்னி, கூர்க்காதான். தாருக்கு 226 மில்லி, ஜிம்னிக்கு 210 மில்லி என்று தரை இடைவெளியை வைத்தே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பாதிக் கணக்காகத்தான் படுகிறது.

ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே அச்சு, நம்ம மாட்டுவண்டி மாதிரி. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அச்சும் கூடவே தூக்கிக்கொள்ளும். தாருக்குப் பின்னால் மட்டும்தான் அப்படி. முன்சக்கரம் ரெண்டும் தனித்தனி. ரோட்டில் அலுங்காமல் போகும். ஆனால் பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போது வண்டி வயிறு தரைக்கு இறங்கிடும்.

ஒரே அச்சிலும் குறை உண்டு. நடுவில் தொங்கும் டிபரன்ஷியல் குண்டு கல்லில் தட்டும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் ஏறும், குண்டு ஏறாது. அதுக்குப் பெரிய டயர்தான் வழி. மாட்டுவண்டிக்கு நெஞ்சுயரச் சக்கரம் செய்த ஆசாரிக்கு இது தெரியும்.

2025 ஆகஸ்ட் 15-ல் மஹிந்திரா காட்டிய விஷன் டி மாடலுக்குத் தனிச் சேஸிஸே கிடையாது. சொகுசு கூடும், சரி. எங்க வாசுதேவநல்லூர் மலையடிவாரத்தில் மழை நாளிலும் எலுமிச்சை மூடை ஓடை தாண்டி மார்க்கெட் போய்ச் சேரணும். ஒருநாள் தாமதித்தால் விலை போச்சு.

அதனால் ஷோரூமில் ஒண்ணு கேளுங்க: இந்த மில்லிக்கணக்கு காலி வண்டியில் அளந்ததா, லோடு ஏத்தி அளந்ததா?